பூனைக்கும் நமக்கும் ஓர் உடன்படிக்கை

இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஒரு வித்தை தானாகவே கைவந்துவிடுகிறது. எந்தப் பையன் எதை ஒளிக்கிறான் என்பதை முகத்தைப் பாராமலே அவன் கண்டுபிடித்துவிடுவான். மாங்காயை ஒளிப்பவன் உட்காரும் விதம் ஒன்று. வீட்டுக் கணக்குப் போடாதவன் உட்காரும் விதம் வேறு. சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சியிலிருந்த பையன் ஒருவன் இந்த இரண்டு விதத்திலும் சேராமல் உட்கார்ந்திருந்தான். வலது கையை மடியிலே மறைத்துக்கொண்டு, இடது கையால் தட்டுத் தடுமாறி எழுதிக்கொண்டிருந்தான்.

"தம்பி, அந்தக் கையைக் காட்டு" என்றேன்.

மணிக்கட்டுக்கு மேலே மூன்று கீறல்கள். அவற்றுக்கு அருகே, ஊசியால் குத்தினாற்போல் இரண்டு புள்ளிகள்; பல் பதிந்த அடையாளம்.

"பூனைக்குட்டி, சார். நேற்றுச் சாயங்காலம் அரிசி மில் சுவர் ஓரமாகக் கத்திக்கொண்டு கிடந்தது. தூக்கும்போது கடித்துவிட்டது."

"அப்பாவிடம் சொன்னாயா?"

"சொன்னால் அதைச் சாக்கில் போட்டுக் கட்டி, கோமுகி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிடுவார், சார். போன வருஷம் எங்கள் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளை அப்படித்தான் செய்தார்."

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தராசின் ஒரு தட்டில் பூனைக்குட்டியை வைத்தான். மற்றொரு தட்டில் தன் மௌனத்தை வைத்தான். இரண்டாவது தட்டில் இருந்தது மௌனமல்ல, தன் சொந்த உயிர் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தெரியவேண்டியவர்களாகிய நாம் அதை அவனுக்குச் சொல்லிவைக்கவில்லை.

வெறிநோய் நாயினால்தான் வரும் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வெறிநோய் கண்ட பூனை கடித்தாலும் வரும். எச்சில் பட்ட நகத்தால் கீறினாலும் வரக்கூடும். அந்த நோயின் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக ஊர்ந்து மூளைக்குப் போய்ச் சேருகிறது. அது போய்ச் சேரும் வரையில் நமக்கு அவகாசம் உண்டு. சேர்ந்து, நோயின் குறிகள் தோன்றிவிட்டாலோ, மனிதன் பிழைப்பது அரிதினும் அரிது. ஆகையால் கடிபட்டவுடன் முதற் காரியம், குழாயடியில் காயத்தை வைத்துச் சோப்புப் போட்டு முழுசாகக் கால் மணி நேரம் கழுவுவது. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பிப்பொடி முதலியவற்றைச் சமையலறையிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டாவது காரியம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவது. பையனுக்கு ஒரு நாள் தாமதமாகிவிட்டது. ஆனாலும் தாமதமாகப் போவது போகாமலிருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். கையைக் கழுவச் செய்து, தகப்பனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன்.

1885-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பாரிஸ் நகரத்தில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு லூயி பாஸ்டர் என்னும் மேதாவி இந்தத் தடுப்பு மருந்தை முதன்முதலாகச் செலுத்திக் காப்பாற்றினார். அவர் பெயரைத் தாங்கிய ஸ்தாபனம் ஒன்று 1907-ம் வருஷத்தில் நம் நீலகிரியிலே, குன்னூரில் ஏற்பட்டது. தென்னாட்டில் நாய்க்கடிக்கு மருந்து என்றால் குன்னூர் என்று சொல்லும்படி அது பெயர் பெற்றது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்திய காலம் மலையேறிவிட்டது. இப்பொழுது தோளில் தோலுக்குள்ளேயே மெல்லிய ஊசி; முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாகக் கொண்டு 3, 7, 28-ம் நாட்களில் மறுபடியும் போடுகிறார்கள். காயம் ஆழமானால் அதனுள்ளேயும் ஒரு மருந்து செலுத்துவார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதற்குப் பணமில்லை.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்ற தகப்பனார், "வாத்தியார் ஐயா, இன்றைக்கே அந்தச் சனியனைத் தொலைத்துவிடுகிறேன்" என்றார்.

"தொலைக்கக் கூடாது, ஐயா. பத்து நாள் அது உங்கள் வீட்டிலேயே, உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும்" என்றேன்.

அவர் திகைத்துப்போனார். காரணம் இதுதான். கடித்த சமயத்தில் பூனையின் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருந்தால், பத்து நாளைக்குள் அந்தப் பிராணி நோயுற்று மடிந்துவிடும். சுகமாக இருந்தால் பையனுக்குப் பயமில்லை. அதுவரையில் ஊசியை நிறுத்தாமல் போட்டுக்கொள்ள வேண்டும். பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றைத் தாண்டி விட்டுவிட்டால், சாட்சியையே ஊரைவிட்டுத் துரத்தியதாக ஆகும் அல்லவா?

தானியம் செய்துவைத்த சிநேகம்

பூனையை ஏன் வளர்க்கிறோம் என்று கள்ளக்குறிச்சியிலே கேட்பது, திருப்பதியிலே மொட்டை ஏன் என்று கேட்பதற்குச் சமானம். நெடுங்காலம் தென்னாற்காட்டு ஜில்லாவில் ஒரு தாலுகாவாக இருந்து, பிறகு விழுப்புரத்தோடு சேர்ந்து, 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் தனி ஜில்லாவாகிவிட்ட இந்த ஊர் நெல்லுக்கும் அரிசி மில்லுக்கும் பெயர் போனது. மேற்கே கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையைத் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை வருகிறது. அதுவே கல்வராயன் மலை. அங்கே மலையாளிகள் என்று வழங்கப்படும் மலைக்குடிகள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வந்திருக்கிறார்கள். (இவர்கள் மலைக்கு உரியவர்கள், மலையாள தேசத்தாரல்ல.) 1976-ம் வருஷம் சர்க்கார் ஏற்றுக்கொள்ளும்வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. விளைந்ததில் ஜாகீருக்குப் போனது போக, மிஞ்சிய தானியத்தை எலி கொண்டுபோனால் குடியானவன் வீட்டில் என்ன மிஞ்சும்? எலியோடு போராட அவனுக்குக் கூலி கேளாத வேலைக்காரன் ஒருவன் வேண்டியிருந்தது. அந்த வேலைக்காரன்தான் பூனை.

உலக சரித்திரமும் இதே கதையைத்தான் சொல்லுகிறது. மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப் பூனை இனம் ஒன்றின் சந்ததியே நம் வீட்டுப் பூனைகள் யாவும். மனிதன் தானியத்தைச் சேர்த்துவைத்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. நாய் மனிதனோடு வேட்டைக்குப் போய்ப் பழகிற்று. மாட்டையும் ஆட்டையும் மனிதன் பிடித்துக் கட்டினான். பூனை ஒன்றுதான் யாரும் கூப்பிடாமல், யாரும் கட்டாமல், தன் இஷ்டமாக வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்திய சமாதி ஒன்றில் மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004-ம் வருஷத்தில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அத்தனை பழைய உறவு இது.

இது எழுதாத உடன்படிக்கை. பூனை தன் பங்கைச் சரியாகவே செய்துவருகிறது. பெருச்சாளியைக் கண்டால் சற்று ஒதுங்கிப் போகும் என்பது மெய்தான். சுண்டெலி விஷயத்தில் குறை சொல்ல முடியாது. நம் பங்கு என்னவாயிற்று என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பாற்கடலும் தயிர்சாதமும்

கம்பர் பெருமான் தம் காவியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொண்டார். கவிதைக்கு அது மிகவும் பொருத்தம். வைத்திய சாஸ்திரத்துக்குப் பொருத்தமில்லை! தாய்ப்பால் மறந்த பூனைகளில் அநேகத்துக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் ஜீரணிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது. ஆசையோடு குடிக்கும், பிறகு வயிறு போகும். தாயில்லாத சின்னஞ் சிறு குட்டிக்குப் பசும்பாலில் போதிய புஷ்டி கிடைப்பதில்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறார்கள். அதை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைக் குப்புறப் படுத்த நிலையிலேயே வைத்துப் புகட்ட வேண்டும். மனிதக் குழந்தையைப் போல் மல்லாத்திப் புகட்டினால் பால் மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

பாலைவிடப் பெரிய விஷயம் தயிர்சாதம். என் இல்லத்தில் புலால் நுழையக் கூடாது என்பது என் தாயாரின் சட்டம். எங்கள் பூனையும் பல மாதம் தயிர்சாதமே புசித்து, மடி ஆசாரத்தோடு வாழ்ந்தது. அல்லது அப்படி நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் பூனை மாமிசமின்றி வாழ முடியாத பிராணி. டாரின் என்ற ஒரு சத்து அதற்கு இன்றியமையாதது. அது மாமிசத்திலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. அது குறைந்தால் பூனையின் கண் குருடாகும் என்பதை 1970-களில் கண்டறிந்தார்கள். இருதயம் வீங்கிப் பலம் குன்றும் என்பதை 1987-ம் வருஷத்தில் காலிபோர்னியா சர்வகலாசாலையின் மிருக வைத்தியர்கள் நிரூபித்தார்கள். தயிர்சாதப் பூனை எலி பிடித்துக் குறையை ஒருவாறு ஈடுகட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள் அடைத்து வளர்க்கும் பூனைக்கு அந்த வழியும் இல்லை.

இதை என் தாயாரிடம் சொன்னேன். "பாம்புக்குப் பால் வார்த்தோம், அதுவும் அதற்கு ஆகாதென்று நீதான் சொன்னாய். இப்போது பூனைக்கும் தயிர் ஆகாதா? ஒவ்வொன்றாக என் புண்ணியத்தை எல்லாம் கழித்துக்கொண்டு வருகிறாயே!" என்றாள். முடிவில் சமரசம் ஏற்பட்டது. கடையில் விற்கும் பூனைத் தீனிப் பொட்டலம் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் தனித் தட்டில் வைக்கப்படும். தட்டைக் கழுவுவது என் பொறுப்பு. புலால் உண்ணும் வீடுகளில் முள் நீக்கி வேகவைத்த மீனும், எலும்பில்லாத கோழிக் கறியும் உப்பும் காரமும் வெங்காயமும் சேர்க்காமல் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. பக்கத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும்.

அன்பினால் செய்யும் அபாயங்கள் இன்னும் உண்டு. பூனைக்கு உடம்பு சுடுகிறதென்று நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போகத் தடவும் மருந்துகளில் சில பூனைக்கு விஷம். தரையில் ஊற்றும் பினாயில் காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். எலி பாஷாணம் வைக்கும் வீட்டில் பூனை வளர்ப்பது, காவற்காரனை நியமித்துவிட்டு அவன் சோற்றிலே விஷம் கலப்பதற்கு ஒப்பானது. விஷம் தின்ற எலியைத் தின்ற பூனையும் சாகும்.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கலாகாது. ஆறு அல்லது எட்டாவது வாரம் தொடங்கித் தொற்று நோய்களுக்கான தடுப்பூசிகளை மூன்று நான்கு வார இடைவெளியில் போட வேண்டும். மூன்றாவது மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு வைத்தியர் குறித்தபடி மறு ஊசி. வயிற்றுப் பூச்சிக்கும் மருந்து தர வேண்டும். நம் பக்கத்தில் வைத்தியருக்குப் பஞ்சமில்லை. சேலம் ஜில்லாவும் கள்ளக்குறிச்சி ஜில்லாவும் கூடும் எல்லையில், தலைவாசலுக்கு அருகே, 2021-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் மிருக வைத்தியக் கல்லூரியே இருக்கிறது. மாட்டுக்கு மட்டுந்தான் வைத்தியர் என்ற எண்ணத்தை நாம் விட்டொழிக்க வேண்டும்.

குறுக்கே போகும் பூனை

பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்கிறார்கள். தன் பாட்டுக்கு எலியைத் தேடிக்கொண்டு போகும் பூனைக்குக் குறுக்கே நாம் போவதால் அதன் காரியம் கெடுவதைப்பற்றி யாரும் யோசிப்பதில்லை. வங்காளத்திலோ, குழந்தைகளைக் காக்கும் ஷஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். ஒரே தேசத்தில் ஒரு மூலையில் அபசகுனமாக இருப்பது மறு மூலையில் குழந்தைகளுக்குக் காவலாக இருக்கிறது! கறுப்புப் பூனையைக் கண்டு அஞ்சுகிறவர்கள், பாரதியார் தம் 'முரசு' பாட்டில் ஒரு வெள்ளைப் பூனையையும் அது ஈன்ற பல நிறக் குட்டிகளையும் காட்டி மனித சமத்துவத்தை எவ்வளவு எளிதாக விளக்கிவிட்டார் என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

பெண் பிரசவத்துக்குப் பிறந்தகம் வருகிறாள் என்றதும் வீட்டுப் பூனையை வெளியேற்றுவது மற்றொரு வழக்கம். இதற்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் அளவுக்கு மீறிய காரணம். பூனையின் மலத்தில் சில சமயம் ஒரு நுண்கிருமி வெளிப்படுகிறது. கர்ப்பிணிக்கு அது தொற்றினால் சிசுவுக்குக் கெடுதல் நேரலாம். மலம் விழுந்து ஒரு நாளாவது கடந்த பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே பூனையின் மணல் தட்டைத் தினந்தோறும் வேறொருவர் சுத்தம் செய்து, கையைக் கழுவிவிட்டால் அபாயம் பெரும்பாலும் நீங்கும். அதே கிருமி வேகாத கறியாலும், கழுவாத கீரையாலும், தோட்டத்து மண்ணாலும் வரக்கூடும். அவற்றை விட்டுவிட்டுப் பூனையை மட்டும் தேசப் பிரஷ்டம் செய்வது நியாயமாகாது.

சாக்கு என்ற தண்டனை

இனி, அந்தச் சாக்கைப்பற்றிச் சொல்ல வேண்டும். பூனையைக் கொல்வது மகா பாபம் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தார்கள். அந்தப் பாபத்துக்கு அஞ்சியவர்கள் கண்டுபிடித்த உபாயமே சாக்கு. குட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்ச் சந்தை மேட்டிலோ ஆற்றங்கரையிலோ அவிழ்த்துவிட்டால், கொன்றது நாமல்ல. நாயும் பசியும் லாரியும்!

நம் தேசத்துச் சட்டம் இந்தச் சாமர்த்தியத்தை ஒப்புக்கொள்வதில்லை. கலாக்ஷேத்திரத்தை ஸ்தாபித்த ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ம் வருஷத்தில் ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினரானதும், பிராணிகளைத் துன்புறுத்துவதைத் தடுக்க ஒரு மசோதாக் கொண்டுவந்தார். சர்க்காரே அதைச் செய்யுமென்று பண்டித நேரு வாக்களித்ததன் பேரில் அதை அவர் திரும்பப் பெற்றார். 1960-ம் வருஷத்தில் சட்டம் பிறந்தது. 1962-ம் வருஷத்தில் அவர் தலைமையில் பிராணி நல வாரியம் சென்னையிலேயே ஏற்பட்டது. பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது. சுதந்திரம் பெற்ற பதின்மூன்று வருஷத்தில், வாயில்லாத பிராணிகளுக்கும் ஒரு சட்டத்தை இத்தேசம் எழுதிக்கொண்டது என்பதும், எழுதத் தூண்டியவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி என்பதும் நமக்குப் பெருமையே. பெருமை சாக்கின் வாயை அவிழ்த்துவிடுமா என்பதுதான் கேள்வி.

சாக்குக்கு மாற்று உண்டு. அதற்குப் பெயர் கருத்தடை. பெண் பூனை ஐந்து மாதத்திலேயே தாயாகும் பருவத்தை எட்டக்கூடும். ஒன்பது வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு நாலைந்து குட்டிகள். வருஷத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. சுமார் ஐந்தாவது மாதத்தில் ஒரு முறை சிகிச்சை செய்துவிட்டால், பிறகு சாக்குக்கு வேலையே இல்லை. ஆண் பூனைக்கும் செய்ய வேண்டும். செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையிட்டுக் காயப்படுவதும் குறையும். பிறந்த குட்டிகளை எறிவது கொடுமை. பிறக்காமல் தடுப்பது பொறுப்பு.

குட்டி என்று கண்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவதும் சரியல்ல. மலையடிவாரத்தில் கரும்பு வெட்டும் காலத்தில், சோகைக்கு நடுவே குட்டிகள் கிடப்பதுண்டு. கால் நீண்டு, வால் குட்டையாகி, வால் நுனியில் கறுப்பு வளையங்களோடு, காது நுனியில் சிறு மயிர்க் குஞ்சம் தெரிந்தால் அது வீட்டுப் பூனையல்ல, காட்டுப் பூனை. அது பழகாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்க்கவும் கூடாது. ஒரு பக்கத்துக் கரும்பை வெட்டாமல் ஒதுங்கி நின்றால் இரவில் தாய் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். வராவிட்டால் வன இலாகாவுக்குச் சொல்ல வேண்டும். அன்பு என்பது எடுத்துக்கொள்வது மட்டுமல்ல. சில சமயம் எடுக்காமல் விடுவதும் அன்புதான்.

பத்து நாள் கழித்து அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். குட்டி திண்ணையில் தன் வாலையே துரத்திச் சுழன்றுகொண்டிருந்தது. தகப்பனார் அதைத் தினம் மூன்று வேளையும் கவனித்ததாகச் சொன்னார். பையனின் உயிருக்காகத்தான் கவனித்தாராம்; "ஆனால் பத்து நாள் ஒரு ஜீவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தால் அப்புறம் சாக்கை எடுக்கக் கை வரவில்லை, வாத்தியார் ஐயா" என்றார். பையன் 28-ம் நாள் ஊசியையும் தவறாமல் போட்டுக்கொண்டான். குட்டிக்கும் மூன்றாவது மாதத்தில் ஊசி ஆயிற்று.

அந்தப் பழைய கோணிச் சாக்கு என்னவாயிற்றென்று கேட்டேன். பையன் சிரித்துக்கொண்டே திண்ணை மூலையைக் காட்டினான். நான்காக மடித்துப் போட்டிருந்தது. விளையாட்டை முடித்துக்கொண்ட குட்டி அதன்மேல் சுருண்டு படுத்துத் தூங்கத் தொடங்கியிருந்தது.

உங்கள் வீட்டுக் குழந்தையிடம் இன்றே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: "எது கடித்தாலும், எது கீறினாலும் என்னிடம் சொல், உன்னையும் திட்டமாட்டேன், உன் பூனையையும் துரத்தமாட்டேன்." அந்த வாக்கைக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் செய்தால், பூனையோடு நாம் செய்துகொண்ட உடன்படிக்கையில் நம் பங்கை ஒருவாறு நிறைவேற்றியவர்களாவோம்.